கப்பல் ஏறும் அரிவாளில் மண் ஏறக் கூடாது

திருவண்ணாமலையைச் சுற்றி வரும் 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையில், மலைக்கு மேற்குப் புறமாக அமைந்துள்ள ஊர் அடி அண்ணாமலை. பௌர்ணமி தோறும் லட்சக்கணக்கான மக்கள் நடந்து செல்லும் வழி இது. ஆனால் பாதையை விட்டுச் சற்று உள்ளே சென்றால், மழையை எதிர்பார்த்து நிற்கும் சிறு விவசாயிகளின் நிலங்களே கண்ணில் படும். நிலத்தில் வேலை இல்லாத மாதங்களில் இப்பகுதி மக்களுக்குக் கை கொடுப்பது மர வேலை. புளி உலுக்குதல், தென்னை மட்டை கழித்தல், வேப்பங்கிளை வெட்டுதல், பட்டுப்போன மரத்தை அறுத்து விறகாக்குதல் ஆகிய வேலைகளுக்கு அரிவாளும் கோடரியும் கயிறும் இருந்தால் போதும். கூலி அன்றன்றே கிடைத்துவிடும்.

இவ்வாறு மர வேலை தெரிந்த, 2 ஏக்கர் நிலமுள்ள ஒரு விவசாயிக்குக் கடலுக்கு அப்பாலிருந்து அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். திருவண்ணாமலை மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. அங்கு ஏற்பட்ட நட்பும் உறவும், ஊர் திரும்பியவர்களுடன் இன்றும் தொடர்வது இயல்பே. “யாழ்ப்பாணத்தில் எங்கள் மாந்தோப்பு பராமரிப்பின்றிக் கிடக்கிறது, வந்து கவாத்துச் செய்து கொடுங்கள் அண்ணா” என்று அழைப்பு வந்தால், போகத்தான் தோன்றும். பழகிய கைக்குச் சொந்த அரிவாள்தான் பொருந்தும். எனவே அரிவாள், கோடரி, கை ரம்பம், கயிறு எல்லாவற்றையும் ஒரு சாக்கில் சுருட்டிக்கொண்டு, விழுப்புரம், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் சென்று கப்பல் ஏற நினைக்கிறார்.

இதில் தவறு ஏதுமில்லை. ஆனால் அந்தச் சாக்கில் அவர் அறியாமலே இன்னொரு பயணியும் ஏறுகிறது. அதுதான் கருவியில் காய்ந்து ஒட்டியிருக்கும் மண். அதனால் அக்கரையில் உள்ள தோட்டத்துக்கும் கேடு வரலாம். திரும்பி வரும்போது அடி அண்ணாமலையில் உள்ள அவருடைய 2 ஏக்கருக்கும் கேடு வரலாம்.

கடல் வழிப் போக்குவரத்து

தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் இடையே கப்பல் போக்குவரத்து புதியதன்று. 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் தேதி பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், ரயிலில் தனுஷ்கோடி வரை சென்று, அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னாரை அடையும் ‘போட் மெயில்’ பயணம் ஏற்பட்டது. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் தேதி இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன் பின் ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும், 1980களில் இலங்கையில் மூண்ட போரால் நின்றுபோனது. 2011ஆம் ஆண்டு ஜூன் மாதம் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தொடங்கிய கப்பல் சேவை சில மாதங்களே நடந்தது.

2023ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணத்தை அடுத்த காங்கேசன்துறைக்கும் இடையே ‘செரியபாணி’ என்ற கப்பல் விடப்பட்டது. மழைக் காலம் குறுக்கிட்டதால் அது சில நாட்களிலேயே நின்றது. பின்னர் 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் தேதி ‘சிவகங்கை’ என்ற கப்பல் அதே வழியில் ஓடத் தொடங்கியது. சுமார் 60 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 110 கிலோ மீட்டர் தூரத்தை இக்கப்பல் 4 மணி நேரத்தில் கடக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிப்பாக இருக்குமாதலால் சேவை நிறுத்தப்படுவதுண்டு.

இது பயணிகள் கப்பலே. லாரி, வேன் ஏற்றும் கப்பல் அன்று. ஆகவே மர வேலைக் கருவிகள் எல்லாம் பயணியின் மூட்டையாகத்தான் செல்ல வேண்டும். ஒருவர் எத்தனை கிலோ கொண்டு செல்லலாம் என்ற அளவு அவ்வப்போது மாற்றப்பட்டு வந்துள்ளது. பயணச்சீட்டு வாங்கும்போதே எடை அளவையும், கூடுதல் எடைக்குக் கட்டணம் எவ்வளவு என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம்.

மண்டபம் முகாம் தரும் பாடம்

அந்நாளில் வட ஆர்க்காடு உள்ளிட்ட மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்கள் நேரே கப்பல் ஏறிவிட முடியாது. மண்டபம் முகாமில் சில நாட்கள் தங்கவைக்கப்பட்டு, அம்மை, காலரா போன்ற தொற்று நோய்கள் இல்லை என்று உறுதியான பிறகே அனுப்பப்பட்டனர். ஒரு கரையின் நோய் மறு கரைக்குப் போகக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

பயிர்களுக்கும் இப்படிப்பட்ட காவல் தேவை என்பதை இலங்கை தன் சொந்த அனுபவத்தில் அறிந்த நாடு. 1869ஆம் ஆண்டு அங்கே காப்பிச் செடிகளில் இலைத் துரு நோய் காணப்பட்டது. அடுத்த 20 ஆண்டுகளில் காப்பித் தோட்டங்கள் அழிந்து, அந்த இடத்தில் தேயிலை ஏறியது. இந்தியாவில் வெளிநாட்டுப் பயிர்ப் பூச்சிகளும் நோய்களும் நுழைவதைத் தடுக்கும் சட்டம், போட் மெயில் தொடங்கிய அதே 1914ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது. இன்று இந்தியாவில் 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணையும், இலங்கையில் 1999ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டமும் நடைமுறையில் உள்ளன. உரிய அனுமதியின்றி மண்ணையும், செடி கொடிகளையும் நாட்டுக்குள் கொண்டுவருவது இரு கரையிலும் தடை செய்யப்பட்டுள்ளது.

“நான் மண்ணையா கொண்டு போகிறேன்? அரிவாளைத்தானே கொண்டு போகிறேன்?” என்று விவசாயி கேட்கலாம். அரிவாளின் பிடியில் அப்பியிருக்கும் ஒரு விரற்கடை மண்ணும் சட்டத்தின் பார்வையில் மண்தான். அதில் களை விதை, பூசண வித்து, நூற்புழு முட்டை எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

கடல் கடந்த பார்த்தீனியம்

இதற்குப் பாக்கு நீரிணையிலேயே ஒரு சாட்சி உண்டு. சாலையோரம், தரிசு நிலம், வரப்பு என எங்கும் வெள்ளைப் பூவுடன் நிற்கும் பார்த்தீனியம் களையைத் தமிழ்நாட்டு விவசாயிகள் நன்கு அறிவார்கள். அதைத் தொட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பு ஏற்படும். அதன் மகரந்தத்தால் மூச்சிரைப்பு வரும். இக்களை நம் நாட்டுக்கு உரியதன்று. 1950களின் நடுவில் புனேயில் கண்டறியப்பட்டது. அமெரிக்கக் கோதுமையோடு கலந்து வந்ததாகக் கருதப்படுகிறது.

இலங்கையில் இதே களை 1999ஆம் ஆண்டு வவுனியாவில் கண்டறியப்பட்டது. 1987 முதல் 1990 வரை அங்கிருந்த இந்திய அமைதிப் படைக்காகக் கொண்டு செல்லப்பட்ட ஆடுகள் மூலமாகவோ, இந்தியாவிலிருந்து சென்ற விதைகளில் கலந்தோ அது கடல் கடந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. வந்த வழி எதுவானாலும், பின்னர் அது யாழ்ப்பாணத் தோட்டங்களிலும் பரவி விவசாயிகளுக்குத் தீராத் தொல்லையாகிவிட்டது.

ஒரு பார்த்தீனியம் செடி 10,000க்கு மேற்பட்ட விதைகளை உதிர்க்கும். விதை மிகச் சிறியது. ஈர மண்ணோடு சேர்ந்து மண்வெட்டியிலும், கயிற்று முறுக்கிலும், செருப்பின் அடியிலும் எளிதில் ஒட்டிக்கொள்ளும். அடி அண்ணாமலையில் ஒரு பட்ட மரத்தை அறுக்கும்போது கயிறு தரையில் புரண்டிருக்கும். அந்தக் கயிற்றை உதறாமல் சுருட்டிக் கொண்டுபோய் அக்கரையில் ஒரு மாமரத்தடியில் விரித்தால், விதைப்பு நடந்துவிட்டது என்றே பொருள்.

எந்த நோய் கருவியால் பரவும்?

எல்லா மர நோய்களும் அரிவாளால் பரவுவதில்லை. கேரளாவில் நூறாண்டுக்கு மேலாகத் தென்னையை வாட்டும் வேர் வாடல் நோயும், இலங்கையின் தென் பகுதியில் 2006ஆம் ஆண்டு வாக்கில் தோன்றிய வெலிகம இலை வாடல் நோயும் பூச்சிகள் வழியே பரவுபவை. அரிவாளைக் கழுவுவதால் மட்டும் அவற்றைத் தடுக்க முடியாது. ஆனால் கருவிகளைப் பச்சைத் தென்னங்கீற்றில் சுற்றிக் கட்டினால், கீற்றில் தங்கியுள்ள பூச்சிகளும் உடன் வந்துவிடும். காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை ஆகிய 3 மாவட்டங்களிலிருந்து தென்னை மரங்களை வெளியே கொண்டு செல்ல இலங்கை அரசு தடை விதித்ததற்குக் காரணம் இதுவே.

மண், சாறு, வெட்டுவாய் வழியாகப் பரவும் நோய்கள் வேறு. அவற்றுள் முக்கியமானவை:

வாழை வாடல் நோய்: பனாமா வாடல் எனப்படும் இந்நோயின் பூசணம் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும். நோயுற்ற தோட்டத்தின் மண் ஒட்டிய மண்வெட்டியும், கடப்பாரையும், செருப்பும் அடுத்த தோட்டத்துக்கு அதைக் கொண்டு சேர்க்கும். இப்பூசணத்தின் கொடிய வகை பீகார், உத்தரப் பிரதேச மாநிலங்களில் ஜி-9 வாழையையும் தாக்கியுள்ளது.

தஞ்சாவூர் வாடல் நோய்: தென்னையின் அடித்தண்டு அழுகலான இந்நோய் 1950களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. இதன் பூசணமும் மண்ணிலும், நோயுற்ற வேர்த் துண்டிலும் வாழ்வது.

எலுமிச்சைச் சொறி நோய்: மழை ஈரத்தில் கவாத்துச் செய்யும்போது, கத்தரியின் வாய் வழியாக மரத்துக்கு மரம் பரவும்.

தென்னைக் குருத்தழுகல்: நோயுற்ற மரத்தின் கொண்டையில் பட்ட அரிவாளை அப்படியே அடுத்த மரத்தில் வைக்கக் கூடாது. துணுக்குகளைத் துடைத்துச் சுத்தம் செய்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

மற்ற நாடுகளின் அனுபவம்

பிரான்சு நாட்டின் தெற்கே ‘மிதி கால்வாய்’ என்னும் பழைய நீர்வழி உள்ளது. அதன் இரு கரையிலும் சுமார் 42,000 பிளேன் மரங்கள் நிழல் தந்து நின்றன. 2006ஆம் ஆண்டு அம்மரங்களில் ஒரு பூசண நோய் கண்டறியப்பட்டது. இந்நோய் இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவிலிருந்து வந்த மரப் பெட்டிகளோடு ஐரோப்பாவுக்குள் நுழைந்ததாகக் கூறப்படுகிறது. மரத்துக்கு மரம் அதைப் பரப்பியவற்றுள் கிளை வெட்டும் ரம்பங்களும், வேரில் உரசிய படகுகளும் அடங்கும். நோய் கண்ட மரத்தைக் காப்பாற்ற வழியில்லாததால், ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டி எரிக்க நேர்ந்தது. மரத்தைப் பராமரிக்க வந்த கருவியே மரத்துக்கு எமனாயிற்று.

இத்தகைய அனுபவங்களால், பன்னாட்டுப் பயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை அமைப்பு 2017ஆம் ஆண்டு 41ஆம் எண் கொண்ட தர விதியை வகுத்தது. வேளாண்மை, வன வேலை ஆகியவற்றில் பயன்படுத்திய பழைய இயந்திரங்களும் கருவிகளும் நாடு விட்டு நாடு செல்லும்போது, மண், விதை, தாவரத் துணுக்கு, பூச்சி ஏதுமின்றிச் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். டிராக்டருக்குப் பொருந்தும் இவ்விதியின் நியாயம், கவாத்துக் கத்தரிக்கும் பொருந்தும்.

எதைக் கொண்டு செல்வது, எதை விட்டுச் செல்வது?

இதற்கு ஓர் எளிய விதியைக் கடைப்பிடிக்கலாம். மரத்தைத் தொடும் கருவியைக் கொண்டு செல்க. மண்ணைத் தொடும் கருவியை ஊரிலேயே விட்டுச் செல்க.

கடப்பாரை, மண்வெட்டி, களைக்கொத்து ஆகியவை கனமானவை. மண் ஒட்டாமல் இருக்கவே முடியாதவை. இவை எந்த ஊரிலும் கிடைக்கும். மூங்கில் ஏணி, தொறட்டிக் கம்பு ஆகியவற்றையும் கொண்டு செல்ல வேண்டாம். தொறட்டியின் இரும்புக் கொக்கியை மட்டும் கழற்றி எடுத்துச் சென்று, அங்கே ஒரு கம்பில் மாட்டிக்கொள்ளலாம்.

அரிவாள், கோடரி, கை ரம்பம், கவாத்துக் கத்தரி, அரம், தீட்டுக்கல், நைலான் கயிறு, கப்பி, இடுப்புப் பட்டை, தலைக்கவசம் இவை கைப்பழக்கத்தைச் சார்ந்தவை. இவற்றைக் கொண்டு செல்லலாம். தென்னை நாராலும் பனை நாராலும் செய்த பழைய கயிறு, தளைநார் ஆகியவற்றின் இழைகளுக்குள் புகுந்த மண்ணை முழுவதும் நீக்குவது கடினம். அவற்றை விட்டுவிட்டு, புதிய கயிறு வாங்கிக்கொள்வதே மேல்.

மரப் பிடிகளையும் கவனிக்க வேண்டும். பட்டை உரிக்காத பச்சைக் கட்டையில் போட்ட பிடி ஆகாது. பிடியில் குண்டூசித் துளையும், அதிலிருந்து மாவு போன்ற தூளும் காணப்பட்டால் உள்ளே துளைப்பான் வண்டு இருக்கிறது என்று பொருள். அந்தப் பிடியைக் கழற்றி எரித்துவிட்டு, நன்கு காய்ந்து இழைத்த கட்டையில் புதுப் பிடி போட வேண்டும்.

சுத்தம் செய்யும் முறை

இதற்கு அரை நாள் போதும். ஒரு கம்பித் தூரிகை, பழைய பல் தூரிகை, சோப்புத் தூள், இரண்டு வாளித் தண்ணீர், மருந்துக் கடையில் விற்கும் ஸ்பிரிட் இவையே தேவை.

1. முதலில் காய்ந்த நிலையிலேயே மண்ணையும் மரத்தூளையும் தூரிகையால் தட்டிச் சுரண்ட வேண்டும். பிடியும் இரும்பும் சேரும் பூண் பகுதியிலும், கத்தரியின் திருகாணி இடுக்கிலும், ரம்பத்தின் பற்களிலும் அழுக்கு மிகுதியாகத் தங்கும். கத்தரியைக் கழற்றியே சுத்தம் செய்ய வேண்டும்.

2. பின்னர் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். வேம்பு, மா, பலா ஆகியவற்றின் பிசினை, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் முதலில் துடைத்துவிட்டுச் சோப்பிட்டால் எளிதில் நீங்கும்.

3. ஈரம் உலர்ந்ததும் வெட்டுவாய் முழுவதையும் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். அருகில் தீ இருக்கக் கூடாது. ஸ்பிரிட் கிடைக்காவிட்டால், வீட்டுக்கு வாங்கும் திரவ பிளீச் 1 பங்குக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து, அதில் 10 நிமிடம் ஊறவைக்கலாம். கையுறை அணிவது அவசியம். பிளீச்சுடன் அமிலமோ, கழிவறை கழுவும் திரவமோ கலந்தால் நச்சு வாயு வெளிப்படும். எக்காரணம் கொண்டும் கலக்கக் கூடாது.

4. பிளீச் இரும்பை அரிக்கும். ஆகவே நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, மெல்லிய எண்ணெய்ப் பூச்சுத் தர வேண்டும். எண்ணெய் வழியும்படி பூசினால் அதில் தூசி ஒட்டும்.

5. நைலான் கயிற்றைச் சோப்புத் தண்ணீரில் மட்டும் ஊறவைத்து, முறுக்கைப் பிரித்துத் தேய்த்து, நிழலில் உலர்த்த வேண்டும். நைலானுக்குப் பிளீச் ஆகாது. இழை வலுவிழந்தால் மரத்தின் உச்சியில் இருப்பவரின் உயிருக்கே ஆபத்து.

6. செருப்பு, பூட்ஸ் ஆகியவற்றின் அடியையும், வேலைச் சட்டையின் பைகளையும், கால்சட்டையின் மடிப்புகளையும் மறக்கக் கூடாது. விதைகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மண் இருக்கும்போது மருந்து வேலை செய்யாது. கழுவாமல் நேரே பிளீச்சில் முக்கினால் பயனில்லை. ஆகவே மேற்சொன்ன வரிசையை மாற்றாமல் செய்ய வேண்டும். கழுவிய தண்ணீரைக் கிணற்று வாய்க்காலிலோ, கிரிவலப் பாதையோரக் குளங்களிலோ விடாமல், ஒரு குழியில் ஊற்றி மூட வேண்டும்.

இயந்திர ரம்பம்

புயலுக்குப் பிறகு பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பத்துக்குத் தேவை பெருகுகிறது. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி கரை கடந்த ‘கஜா’ புயலில் டெல்டா மாவட்டங்களில் தென்னைகள் பெருவாரியாகச் சாய்ந்தபோது, இயந்திர ரம்பம் வைத்திருந்தவர்களுக்கு ஓய்வே இல்லை. ஆனால் இதைக் கப்பலில் கொண்டு செல்வதில் சிக்கல்கள் பல.

பெட்ரோல் உள்ள எந்த இயந்திரமும் பயணிகளோடு செல்வது ஆபத்து. கொள்கலனைக் காலி செய்தால் மட்டும் போதாது; இயந்திரம் தானே நிற்கும் வரை ஓட்டி, மூடியைத் திறந்து, வாடை போகும் வரை காற்றாட வைக்க வேண்டும். சங்கிலியையும், அது ஓடும் பட்டையையும் கழற்றி, உள்ளே எண்ணெயோடு அப்பியிருக்கும் மரத்தூளை நீக்க வேண்டும். அவ்வாறு செய்த பின்னும் கப்பல் நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும்.

இலங்கையில் மரங்கள் திருட்டுத்தனமாக வெட்டப்படுவதைத் தடுக்க, சங்கிலி ரம்பங்களைப் பதிவு செய்யும்படி 2019ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு ஆணையிட்டது. ஆகவே உரிய அனுமதியின்றிக் கொண்டு செல்லும் ரம்பம் அங்கே பறிமுதல் செய்யப்படலாம். சிறு விவசாயி இயந்திர ரம்பத்தை ஊரிலேயே வைத்துவிட்டு, அங்கே பதிவு பெற்ற ரம்பம் உள்ளவரோடு சேர்ந்து வேலை செய்வதே புத்திசாலித்தனம். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை வெட்டவும் இலங்கையில் அனுமதி தேவை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கட்டும் முறை

வைக்கோல், தென்னங்கீற்று, வாழைச் சருகு, பழைய தானியச் சாக்கு எதுவும் ஆகாது. இவை ஒவ்வொன்றும் பூச்சிக்கும் விதைக்கும் வாகனம். புதிய தார்ப்பாய்ப் பையோ, தகரப் பெட்டியோ, பிளாஸ்டிக் பெட்டியோ ஏற்றது. பச்சைப் பலகையில் பெட்டி அடிப்பதும் கூடாது. நாடு விட்டு நாடு செல்லும் மரப் பெட்டிகளின் கட்டை, உட்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி.

வெட்டுவாய்களுக்குப் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கீறி, நன்கு கழுவி உறையாகப் போட்டு, நூலால் கட்டலாம். சுமை ஏற்றி இறக்குபவரின் கை அறுபடாமல் இருக்க இது உதவும். கூர்மையான எந்தக் கருவியும் கைப்பையில் இருக்கக் கூடாது. எல்லாம் கப்பலில் ஒப்படைக்கும் மூட்டையில்தான் இருக்க வேண்டும். மூட்டையைச் சோதனையின்போது எளிதில் பிரிக்கும்படி கட்டுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

பட்டியலும் சான்றும்

கருவியின் பெயர், எண்ணிக்கை, வாங்கிய ஆண்டு, இன்றைய மதிப்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, இரண்டு படிகள் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாக் கருவிகளையும் பரப்பி வைத்துக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வதும் நல்லது. விலை உயர்ந்த கருவி இருந்தால், நாகப்பட்டினம் துறைமுகத்தில் புறப்படும்போதே சுங்கத் துறையினரிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று கேட்டுப் பெற வேண்டும். திரும்பும்போது “இது அங்கே வாங்கியதா?” என்ற கேள்விக்கு அந்தச் சான்றே பதில். சுங்க வரிச் சிக்கலும் எழாது.

கருவிகளோடு நாற்று, ஒட்டுக்கன்று, விதைக் கிழங்கு ஆகியவற்றை அன்பளிப்பாகக் கொண்டு செல்லும் ஆசை எழுவது இயற்கை. இவற்றுக்கு இறக்குமதி அனுமதியும், தாவர நலச் சான்றும் வேண்டும். அவை இல்லாமல் ஒரு முருங்கைக் குச்சியைக் கூட மூட்டையில் வைக்கக் கூடாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சுற்றுலா அனுமதியில் செல்பவர் அங்கே கூலிக்கு வேலை செய்வது சட்ட விரோதம். ஒரு மூட்டைக் கருவிகளோடு இறங்கும் பயணியை அதிகாரிகள் விசாரிப்பது இயல்பே. ஊதியம் பெறும் வேலைக்குச் செல்பவர், அதற்குரிய அனுமதியை அழைப்பவர் மூலம் முன்னதாகவே பெற்ற பின்னரே பயணச்சீட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் பயணச் செலவும் வீண், கருவியும் போகும், மறுமுறை செல்லவும் தடை வரும்.

திரும்பும் வழி

போகும்போது காட்டிய கவனம் பெரும்பாலும் திரும்பும்போது இருப்பதில்லை. வேலை முடிந்த களைப்பில், கடைசி நாள் வெட்டிய மரத்தின் சாறு காயும் முன்பே மூட்டை கட்டிவிடுவார்கள். ஆனால் சிறு விவசாயியின் சொந்த நலன் அடங்கியிருப்பது இந்தத் திரும்பும் பயணத்தில்தான். அக்கரையில் 15 நாட்களில் 10 தோட்டங்களைத் தொட்ட அரிவாள், ஊருக்கு வந்த மறுநாள் அவருடைய வீட்டுத் தென்னையையும், கிணற்றோர வாழையையும், எலுமிச்சையையும் தொடப் போகிறது.

புதிய பூச்சிகளுக்கு இக்கரை, அக்கரை என்ற வேறுபாடு இல்லை. 2008ஆம் ஆண்டு கோவையில் பப்பாளி மாவுப்பூச்சி காணப்பட்டது. அதே ஆண்டில் இலங்கையிலும் அது காணப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எல்லாம் பாழாயின. 2010ஆம் ஆண்டு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து விட்ட பிறகே நிலைமை சீரடைந்தது. எல்லாப் பூச்சிக்கும் இப்படி ஒரு குளவி கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

ஆகவே காங்கேசன்துறையில் கப்பல் ஏறுமுன், வேலை செய்த தோட்டத்திலேயே எல்லாக் கருவிகளையும் முன் சொன்ன முறையில் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, உலர்த்திக் கட்ட வேண்டும். அந்த மண் அந்த மண்ணோடேயே தங்கிவிடும். அடி அண்ணாமலை வந்து சேர்ந்ததும், தன் மரத்தில் வைப்பதற்கு முன் மீண்டும் ஒரு முறை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். வந்த சில வாரங்களில் தோட்டத்தில் அறிமுகமில்லாத களையோ, பூச்சியோ, வாடலோ தென்பட்டால், பக்கத்து வயல்காரரிடம் மறைக்காமல், வாழவச்சனூர் வேளாண்மைக் கல்லூரியிலோ, அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்திலோ உடனே தெரிவிக்க வேண்டும். ஒரு செடியாக இருக்கும்போது பிடுங்கிவிடலாம். ஊர் முழுதும் பரவிய பின் யாராலும் பிடுங்க முடியாது.

கடல் கடக்காதவர்களுக்கும் இது பொருந்தும். நோய் கண்ட தோட்டத்தில் வேலை செய்த கருவி, கடலைத் தாண்டினாலும் வாய்க்காலைத் தாண்டினாலும் ஒன்றே. வெளியூரிலிருந்து மரம் வெட்ட ஆள் வரும்போது, “அண்ணே, அரிவாளைக் கொஞ்சம் கழுவிக்கொள்ளுங்கள்” என்று சொல்லி ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் எடுத்து வைப்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

வருமுன் காப்பதே நலம் என்பது பழமொழி. அரிவாளும் கோடரியும் உழைப்பவரின் சொத்து. அவை எந்தக் கரைக்கு வேண்டுமானாலும் போய் வரலாம். அந்தந்தக் கரையின் மண் மட்டும் அந்தந்தக் கரையிலேயே இருக்கட்டும். அரை நாள் உழைப்பும், ஒரு புட்டி ஸ்பிரிட்டும் செலவானால், இரு கரையிலும் உள்ள தோப்புகள் பிழைக்கும்.